பாட்டுக்குத்தான் காசு கொடுத்தேன், பிரசாரத்துக்கு இல்லை. இப்படிச் சொல்பவன் கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரியா?

பீஷான்வாசி எழுதியது:

பாடகர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இந்த இழை முழுக்க அவருடைய ரசிகர்களுக்கும் எதிராளிகளுக்கும் அடிதடியாகிவிடும், நான் கேட்க வந்தது அது இல்லை.

போன மாதம் இங்கே சிங்கப்பூரில் காலாங் பக்கம் ஒரு கச்சேரி. டிக்கெட் ஒன்று 168 வெள்ளி. நான், மனைவி, அம்மா, மாமியார் என்று குடும்பமாகப் போனோம். இவர் குரல் எனக்குச் சாதாரணக் குரல் இல்லை. தேசிய சேவைக்காகத் தெக்கோங் தீவில் கிடந்தபோது விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் இயர்போனைச் சொருகிக்கொண்டு கேட்ட குரல். அதனால்தான் இவ்வளவு எரிச்சல் என்று நினைக்கிறேன். வேறு யாராவது என்றால் "போடா" என்று விட்டிருப்பேன்.

முதல் ஒரு மணி நேரம் பிரமாதம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் எல்லாரும் காத்திருந்த அந்த மெலடிக்குக் கீபோர்டுக்காரர் ஆரம்ப சுரங்களைப் பிடித்தார், அரங்கம் முழுக்கக் கைபேசி விளக்குகள் எழுந்தன, இவர் மைக்கைக் கையில் எடுத்து "இதைப் பாடுவதற்கு முன்னால் ஒரு விஷயம்" என்றார். அந்த ஒரு விஷயம் தமிழ்நாட்டு அரசியல். எந்தக் கட்சி யாரை ஏமாற்றுகிறது, அதற்கு ஓட்டுப் போடுகிறவர்களுக்கு ஏன் புத்தி இல்லை, ஊடகங்கள் யார் பையில் இருக்கின்றன என்று போய்க்கொண்டே இருந்தது. கீபோர்டுக்காரர் பாவம், அதே நாலு சுரத்தை நிறுத்தாமல் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் இடது கையால் வாசித்தபடியே வலது கையால் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். நம்ப மாட்டீர்கள், அதற்கு ஒரு சின்னக் கைத்தட்டல்கூட விழுந்தது.

முன்வரிசையில் விசில் பறந்தது, உண்மைதான். எங்கள் வரிசையில் பாதிப் பேர் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அரங்கத்தை நேரத்துக்கு மூட வேண்டும் என்பதால் கடைசியில் மூன்று பெரிய பாட்டுகளை ஒன்றாக ஒட்டி, ஒவ்வொன்றிலும் பல்லவியை மட்டும் பாடி, "லவ் யூ சிங்கப்பூர்" என்று கையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் இங்கே பிறந்து வளர்ந்தவன், தமிழ்நாட்டில் எனக்கு ஓட்டே கிடையாது. என் மாமியார் கும்பகோணத்துக்காரர். அவர் காலமெல்லாம் ஓட்டுப் போட்ட கட்சியைத்தான் மேடையில் வறுத்தெடுத்தார்கள், புத்தி இல்லாதவர்கள் என்றது அவரையும் சேர்த்துத்தான். டாக்சியில் வீடு வரும்வரை அவர் வாயே திறக்கவில்லை.

வீட்டில் தம்பியிடம் புலம்பினால் அவன் என்னையே பிடித்துக்கொண்டான். "பாடகனும் மனுஷன்தானே, வாயை மூடிக்கொண்டு பாடு என்று சொல்ல நீ யார், நீ கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரி" என்கிறான். அவர் தன் சொந்தப் பக்கத்தில் இரவு இரண்டு மணிக்கு என்ன வேண்டுமானாலும் எழுதட்டும், நான் போய்ப் படிக்கப் போவதில்லை. கதவை மூடி, காசு வாங்கி, நாலாயிரம் ஐயாயிரம் பேரை உட்கார வைத்துவிட்டுப் பேசுவதும் அதுவும் ஒன்றா? நீங்களே சொல்லுங்கள்.

---

பழைய_கேசட் எழுதியது:

அண்ணே, முதலில் உங்கள் தம்பிக்கு ஒரு பதில். கருத்துச் சுதந்திரம் என்பது அரசாங்கம் ஒருவர் வாயை அடைக்கலாமா கூடாதா என்கிற வழக்கு. நம் அரசியலமைப்பின் 14வது பிரிவு குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது, அதற்கு எல்லை போடும் அதிகாரத்தையும் நாடாளுமன்றத்துக்கு அதே பிரிவு தருகிறது. பீஷானில் குடியிருக்கும் ஒருவர் தனக்குப் பிடிக்காத பேச்சை ரசித்தே தீர வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. நீங்கள் எழுந்து போயிருக்கலாம், அடுத்த கச்சேரிக்கு டிக்கெட் வாங்காமல் இருக்கலாம், இங்கே வந்து இப்படித் திட்டலாம். அதுவும் பேச்சுரிமைதான்.

ஆனால் ரசிகர் கோபம் எதுவரை போகலாம் என்பது வேறு பேச்சு. 2003 மார்ச்சில், ஈராக் போர் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது, டிக்ஸி சிக்ஸ் என்ற அமெரிக்க கன்ட்ரி இசைக் குழு லண்டனில் ஒரு மேடையில் இருந்தது. அதிபர் புஷ் எங்கள் டெக்சஸ் ஊர்க்காரர் என்பதில் எங்களுக்கு வெட்கம் என்று பாடகி நடாலி மெய்ன்ஸ் சொன்னார். உங்கள் ஆள் மாதிரி நீட்டி முழக்கவில்லை, போகிற போக்கில் சொன்னதுதான். ஊரில் வானொலி நிலையங்கள் அவர்கள் பாட்டை நிறுத்தின, ரசிகர்கள் குறுவட்டுகளைக் கொண்டுவந்து குவித்து டிராக்டர் ஏற்றி நசுக்கினார்கள், கொலை மிரட்டல்வரை போனது. வாங்காமல் இருப்பது உரிமை. மற்றவர்களும் கேட்கக்கூடாது என்று வானொலியை மிரட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2007 கிராமியில் அவர்களுக்கு ஐந்து விருது கிடைத்தது, ஆனால் பழைய கன்ட்ரி ரசிகர் கூட்டம் திரும்பி வந்ததாகச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். 1976-ல் பர்மிங்ஹாம் மேடையில் எரிக் கிளாப்டன் குடியேறிகளுக்கு எதிராகக் கன்னாபின்னாவென்று பேசினார். நான் கறுத்த தோல் தமிழன், அந்தப் பேச்சு யாரைப் பற்றியது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவருடைய இசைத்தட்டு இன்றும் என் அலமாரியில் இருக்கிறது, போட்டுக் கேட்கிறேன், நடுவில் அந்தப் பேச்சு ஞாபகம் வந்து சில நாள் நிறுத்தியும் விடுகிறேன். அன்றைக்கு அங்கே கோபப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம் என்று ஓர் இயக்கமே தொடங்கி, வெள்ளைக்கார பங்க் குழுக்களையும் கறுப்பின ரெகே குழுக்களையும் ஒரே மேடையில் ஏற்றிக் கச்சேரி கச்சேரியாக நடத்தினார்கள். ரசிகர் கோபம் என்றால் எனக்கு அது பிடிக்கும்.

---

ஜூரோங்_ஜாலி எழுதியது:

யூடியூப்பில் கேளுங்கள் அண்ணே. பேச்சு வந்தால் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். 168 வெள்ளிக்கு ஒரு நல்ல ஸ்பீக்கரே வாங்கியிருக்கலாம்.

---

மேடைக்குப்_பின்னால் எழுதியது:

நான் ஒலியமைப்பு வேலை பார்க்கிறவன். கச்சேரியில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கேபிளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களில் ஒருவன். நீங்கள் சொல்லும் கச்சேரியில் நான் இல்லை, ஆனால் நாலு சுரத்தைச் சுற்றும் கீபோர்டுக்காரரை வேறு மேடைகளில் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி நேரத்தில் நீங்கள் மேடையைப் பார்ப்பீர்கள், நாங்கள் ஏற்பாட்டாளர் முகத்தைப் பார்ப்போம். வியர்த்துக் கொட்டும்.

ஏன் என்றால் உரிமம் பாடகர் பெயரில் இல்லை. ஐஎம்டிஏ என்கிற அரசு ஊடக ஆணையம் கொடுக்கும் உரிமம் ஏற்பாட்டாளர் பெயரில் இருக்கிறது, நிபந்தனைகளும் அவர் தலையில்தான். பாட்டுப் பட்டியல், வரிகள், திரையில் ஓடும் படம் எல்லாம் கேட்டால் முன்கூட்டியே காட்ட வேண்டும். 1993-ல் மடோனாவுக்கு இங்கே அனுமதியே கிடைக்கவில்லை. 2016-ல் தேசிய விளையாட்டரங்கில் பாடினார், ஆனால் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்ற தரத்தோடு. 2019 மார்ச்சில் வாட்டெய்ன் என்ற சுவீடன் மெட்டல் குழுவுக்கு என்ன ஆனது என்று மெட்டல் கேட்கிறவர்களுக்கு மறந்திருக்காது. நிபந்தனைகளோடு உரிமம் கொடுத்தாயிற்று, குழு வந்து இறங்கியும் ஆயிற்று, உள்துறை அமைச்சு கவலை தெரிவித்ததும் நிகழ்ச்சி நாளன்றே ரத்து. கிறிஸ்தவ சமயத்தை இழிவுபடுத்துகிறார்கள் என்பது புகார். அந்த ரத்து சரியா தப்பா என்று எனக்குள்ளேயே இன்னும் சண்டை இருக்கிறது, அதை விடுங்கள். ரத்தானால் செலவு யாருடையது என்பதுதான் என் கேள்வி. மேடை போட்டவன், விளக்குக்காரன், வாடகைக்கு ஸ்பீக்கர் கொடுத்தவன், எல்லாரும் ஏற்பாட்டாளர் வாசலில்தான் போய் நிற்பார்கள்.

இங்கே வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து இனம், சமயம், அரசியல் பற்றிக் கருத்தரங்கில் பேச வேண்டுமென்றால் மனிதவள அமைச்சிடம் அதற்கென்று தனி அனுமதி எடுக்க வேண்டும். ஹொங் லிம் பூங்காவில் 2000-லிருந்து பொதுவில் பேசுவதற்கென்றே ஸ்பீக்கர்ஸ் கார்னர் இருக்கிறது, அங்கேயும் பேசுகிறவர் குடிமகனாக இருக்க வேண்டும், சமயத்தைத் தொடக்கூடாது. 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அங்கே நடக்கும் கூட்டத்தில் வெளிநாட்டவர் வந்து நிற்பதுகூடக் கூடாது. இப்படிப்பட்ட ஊரில் பாட வந்தவர் மைக்கைப் பிடித்து அரசியல் பேசினால் அவருக்கு ஒன்றும் ஆகாது, மறுநாள் காலை சாங்கியில் விமானம் ஏறிவிடுவார். அடுத்த உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறவன் இங்கேயே இருக்கிறான்.

2023 ஜூலை கோலாலம்பூர் கதையைப் பாருங்கள். குட் வைப்ஸ் என்ற மூன்று நாள் இசைவிழா, முதல் நாள் தி 1975 என்ற பிரிட்டிஷ் குழு. பாடகர் மேட்டி ஹீலி மேடையில் மலேசியாவின் ஓரினச்சேர்க்கைத் தடைச் சட்டத்தைத் திட்டிவிட்டு, தன் குழுவின் பேஸ் கிட்டார்காரரை முத்தமிட்டார். அந்தச் சட்டத்தைப் பற்றி அவர் சொன்னது சரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழுவுக்கு மலேசியாவில் தடை, மிச்சம் இரண்டு நாள் விழா ரத்து. அடுத்த நாள் ஏறவிருந்த உள்ளூர்க் குழுக்கள், கடை போட்டிருந்த சின்ன வியாபாரிகள், எங்களைப் போன்ற தொழில்நுட்ப ஆட்கள், எல்லாருக்கும் நஷ்டம். யாருக்காகப் பேசினாரோ அந்த மக்களிலேயே பலர், இவர் பேசிவிட்டுப் போய்விடுவார், இனி கெடுபிடி எங்களுக்குத்தான் என்று எழுதினார்கள். ஏற்பாட்டாளர்கள் லண்டன்வரை போய் வழக்குப் போட்டார்கள்.

அதனால் ஒரு கலைஞர் துணிச்சலாகப் பேசினார் என்று யாராவது சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: பில் யார் பெயரில்?

---

ரசிகப்ரியா எழுதியது:

மேடைக்குப் பின்னால் அண்ணா சொன்னதைப் படித்தேன், நியாயம்தான். ஆனால் பில்லைத் தன் பெயரிலேயே எழுதிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை மறந்துவிட்டு இந்தப் பேச்சைப் பேசக்கூடாது.

டி.எம். கிருஷ்ணாவை எடுத்துக்கொள்ளுங்கள். நான் கர்நாடக இசை ரசிகை, அவர் எழுதுவதில் எனக்குப் பாதி ஒப்புதல் இருக்கும், பாதியில் பல்லைக் கடிப்பேன். சபாக்களில் ஒரே சாதியின் ஆதிக்கம் என்று வெளிப்படையாக எழுதி, சென்னையின் டிசம்பர் சீசனையே பல வருடம் தள்ளி வைத்தார். 2018 நவம்பரில் டெல்லியில் இந்திய விமான நிலைய ஆணையம் சேர்ந்து நடத்தவிருந்த கச்சேரி, இணையத்தில் கிளம்பிய எதிர்ப்புக்குப் பிறகு தள்ளிப்போடப்பட்டது. அப்புறம் டெல்லி அரசு வேறு இடத்தில் மேடை கொடுத்தது. 2024 மார்ச்சில் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அறிவித்ததும் ரஞ்சனி - காயத்ரி சகோதரிகள் அந்த வருட மாநாட்டிலிருந்து விலகினார்கள், பெரியாரை அவர் போற்றுகிறார் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. விவகாரம் உச்சநீதிமன்றம்வரை போனது.

நான் அன்றைக்குக் கவனித்தது இது. என் வாட்ஸ்அப் குழுவில், இங்கே சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு, "பாட்டுக்காரன் பாட்டோடு நிற்க வேண்டும்" என்று கிருஷ்ணாவைத் திட்டி நீளநீளமாக எழுதிய அதே மாமாக்கள், ரஞ்சனி - காயத்ரி அறிக்கை வந்ததும் "என்ன துணிச்சல்" என்று கைகூப்பும் படம் போட்டார்கள். அவர்களும் பாட்டுக்காரர்கள்தான், அவர்களும் கருத்துத்தான் சொன்னார்கள். எனக்கு அந்த அறிக்கையில் உடன்பாடு இல்லை, ஆனால் அதை எழுத அவர்களுக்கு உரிமை இல்லை என்று சொல்ல மாட்டேன். தங்கள் டிசம்பர் கச்சேரியையே விட்டுக்கொடுத்தார்கள், சும்மா இல்லை.

அப்புறம் பீஷான்வாசி அண்ணா, சிலரிடம் கருத்தைத் தனியாகப் பிரித்தெடுக்கவே முடியாது. கிருஷ்ணா பெருமாள்முருகன் எழுதிய கீர்த்தனைகளைப் பாடுகிறார், எண்ணூர் கழிமுகம் சாம்பலால் நாசமாவதைப் பற்றி அங்கேயே போய் நின்று பாடியிருக்கிறார். அதில் எங்கே பாட்டு முடிகிறது, எங்கே பேச்சு தொடங்குகிறது? அந்த மாதிரிக் கச்சேரிக்குப் போகிறவர் தெரிந்தேதான் போகிறார். உங்கள் பாடகர் அந்த வகை இல்லை என்று தெரிகிறது. காதல் மெலடிக்கு முன்னால் கட்சி அரசியல் என்றால் எனக்கும் கடுப்பாகத்தான் இருந்திருக்கும். அவர் என்ன நினைக்கிறார் என்பதைவிட, எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புத்தி இல்லை என்று சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் மாமியாரிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

---

ஈசூன்_தம்பி எழுதியது:

எல்லாரும் வெளியூர்ப் பாடகர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், நம் ஊர்க்காரர்கள் கணக்கில் வர மாட்டார்களா?

2019-ல் மின்னணுக் கட்டணச் சேவைக்கு ஒரு விளம்பரம் வந்தது. சீன நடிகர் ஒருவருக்கு முகத்தைக் கறுப்பாக்கி இந்தியராகவும், தலையில் முக்காடு போட்டு மலாய்ப் பெண்ணாகவும் காட்டினார்கள். அதைக் கிண்டல் செய்து ராப் பாடகர் சுபாஸ் நாயரும் அவர் தங்கை பிரீத்தியும் கெட்ட வார்த்தைகளோடு ஒரு காணொளி போட்டார்கள். விளம்பரக்காரர்கள் மன்னிப்புக் கேட்டதோடு சரி, இவர்கள் இரண்டு பேருக்கும் போலீஸிடமிருந்து 24 மாத நிபந்தனை எச்சரிக்கை. அதற்குப் பிறகு அவர் எழுதியவை, மேடையில் காட்டியவை எல்லாம் சேர்த்து, இன, சமயக் குழுக்களிடையே வெறுப்பைத் தூண்ட முயன்றதாக நான்கு குற்றச்சாட்டுகள். 2023-ல் ஆறு வாரச் சிறைத் தண்டனை விதித்தார்கள்.

அவர் எழுதிய எல்லாமே சரி என்று நான் வாதாட வரவில்லை. நீதிமன்றம் தன் காரணத்தைச் சொல்லிவிட்டது. இங்கே சட்டம் எதற்காக இருக்கிறது என்பதும் தெரியும், 1964 இனக் கலவரத்தை என் தாத்தா நேரில் பார்த்தவர், அவர் முன்னால் நான் இந்தப் பேச்சையே எடுக்க முடியாது. ஆனால் சொந்த ஊரில், சொந்தப் பிரச்சினையைப் பற்றி, தன் பெயரில் பேசி, விளைவையும் தானே வாங்கிக்கொண்டவர் அவர். மேடைக்குப் பின்னால் அண்ணன் கேட்ட பில், இங்கே பாடியவர் பெயரிலேயே வந்தது. அந்த நேரத்தில் இங்கிருக்கும் தமிழ் இசை ரசிகர்களில் எத்தனை பேர் அதைப் பேசினார்கள்? தமிழ்நாட்டில் 2015-ல் டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய கோவனை ராத்திரியோடு ராத்திரியாக வீட்டிலிருந்து தூக்கிப்போய் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். அதற்கு நம் ஆட்கள் இங்கே முகநூலில் கொதித்தார்கள். கடலுக்கு அந்தப்பக்கம் நடப்பதற்குக் கொதிப்பது சுலபம்.

பீஷான்வாசி அண்ணே, மன்னிக்கணும், நேரடியாகவே கேட்கிறேன். அந்தப் பாடகர் உங்களுக்குப் பிடித்த விஷயத்தைப் பேசியிருந்தால் இந்த இழையைத் தொடங்கியிருப்பீர்களா?

---

உட்லண்ட்ஸ்_அக்கா எழுதியது:

ஈசூன் தம்பி கேட்டது நல்ல கேள்வி, அதற்கு நான் என் பக்கத்தைச் சொல்கிறேன்.

2009 தொடக்கத்தில் எம்.ஐ.ஏ., அதான் இலங்கைத் தமிழ் வம்சாவளி ராப் பாடகி மாயா அருள்பிரகாசம், உச்சத்தில் இருந்தார். ஏ.ஆர். ரகுமானோடு சேர்ந்து செய்த பாட்டுக்கு ஆஸ்கர் பரிந்துரை, பிப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் ராப் பாடினார். அந்த வெளிச்சம் முழுவதையும் வன்னியில் தமிழர்கள் சாகிறார்கள் என்று சொல்லவே பயன்படுத்தினார். பேட்டி கேட்டால் அதையே பேசினார், கேட்காவிட்டாலும் அதையே பேசினார். அமெரிக்கப் பத்திரிகைகள் எரிச்சலடைந்தன, பாப் பாடகிக்கு எதற்கு இந்த வேலை என்றன. என் அலுவலகத்தில் சீனத் தோழியும் மலாய்த் தோழியும் இலங்கையில் என்னதான் நடக்கிறது என்று முதல் முறையாக என்னிடம் கேட்டது அவரால்தான், செய்தித்தாளால் இல்லை. அப்போது யாராவது "பாடு, பேசாதே" என்று அவரிடம் சொல்லியிருந்தால் நான் சண்டைக்கே போயிருப்பேன்.

அதே மாயா 2020-ல் தடுப்பூசிக்கு எதிராக எழுதினார். நான் தாதி, கொவிட் வார்டில் நின்றவள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "உனக்கு மருத்துவத்தைப் பற்றி என்ன தெரியும், பாட்டைப் பார்" என்று எழுதிவிட்டு, பதிவிடும் முன்னால் அழித்தேன். 2009-ல் எனக்காகப் பேசிய அதே பிடிவாதம்தான் 2020-லும் பேசியது என்று தோன்றியது. யார் என்ன சொன்னாலும் கேட்காத ஆள் அவர், அந்தக் குணம் இல்லாவிட்டால் 2009-ல் ஏஜென்ட் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்பார். அப்படி என்றால் இதையும் சகித்துக்கொள்ள வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. நான் அவரைப் பின்தொடர்வதை விட்டுவிட்டேன். பழைய பாட்டுகளை இன்னும் ஓடும்போது கேட்கிறேன், புதிதாக என்ன பாடுகிறார் என்று தேடிப் பார்ப்பதில்லை.

இளையராஜா விஷயத்திலும் இதுதான். 2022-ல் ஒரு முன்னுரையில் மோடியை அம்பேத்கரோடு ஒப்பிட்டு எழுதினார், அந்த ஜூலையில் மாநிலங்களவை நியமன உறுப்பினர் ஆனார். எங்கள் புளோக்கில் ஒரு அண்ணன் இனி ராஜா பாட்டே வீட்டில் கிடையாது என்று சபதம் போட்டார். அவர் வீட்டு வானொலியில் ஒலி 96.8 எந்நேரமும் ஓடும், ராஜா பாட்டு வராமல் அது எப்படி ஓடும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

---

பீஷான்வாசி எழுதியது:

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி.

ஈசூன் தம்பி, நேராகவே சொல்கிறேன். எனக்குப் பிடித்ததைப் பேசியிருந்தால் இழை தொடங்கியிருக்க மாட்டேன்தான், ஐந்து நிமிடம் கையும் தட்டியிருப்பேன். பத்தாவது நிமிடத்தில் கொட்டாவி வந்திருக்கும். மூன்று பாட்டு அப்போதும் போயிருக்கும். என் மாமியார் இடத்தில் வேறு யாருடைய மாமியாரோ தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் என் புகார் அப்படியேதான் இருக்கிறது, யார் பக்கம் பேசினார் என்பதில் அது மாறாது. நீ சொன்ன உள்ளூர் விஷயத்தில் மட்டும் எனக்குப் பதில் இல்லை. அந்த விளம்பரம் வந்தபோது எனக்கும் வயிறெரிந்தது, ஆனால் நான் எங்கேயும் ஒரு வரி எழுதவில்லை.

ரசிகப்ரியா, நீங்கள் சொன்ன பிரிவு எனக்கு உதவியாக இருக்கிறது. கருத்தே பாட்டாக வருகிறவர் கச்சேரி என்றால் நான் தெரிந்து போவேன், அல்லது போகாமல் இருப்பேன். சுவரொட்டியில் காதல் பாட்டு வரிகளைப் போட்டு டிக்கெட் விற்றுவிட்டு உள்ளே கட்சிப் பேச்சு என்பது, தேக்காவில் பிரியாணிக்குக் காசு வாங்கிக்கொண்டு தயிர்சாதம் கொடுப்பது மாதிரி. தயிர்சாதம் நல்லதா கெட்டதா என்பது பிரச்சினையே இல்லை.

மேடைக்குப் பின்னால் அண்ணே, ஒரு சந்தேகம். இப்படி நடந்தால் காசு திருப்பிக் கேட்க வழி உண்டா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

---

ஜூரோங்_ஜாலி எழுதியது:

தயிர்சாதத்தை இழுத்தது தப்பு அண்ணே, எங்கள் வீட்டில் அதுதான் கட்சி.

---

மேடைக்குப்_பின்னால் எழுதியது:

காசு திரும்ப வராது. டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் நிகழ்ச்சி நிரல் மாறலாம், ரத்தானால் ஒழியப் பணம் திரும்பாது என்கிற மாதிரி வாசகம் இருக்கும். பாட்டு குறைந்தது நிரல் மாற்றம் என்று சொல்லிவிடுவார்கள்.

ஆனால் ஏற்பாட்டாளருக்கு எழுதுங்கள், வீண் போகாது. எழுதும்போது எந்தக் கட்சியைத் திட்டினார் என்பதை இழுக்காதீர்கள். அதை எழுதினால் உங்கள் கடிதத்தை "எதிர்க்கட்சிக்காரர்" என்று ஓரத்தில் வைத்துவிடுவார்கள். எத்தனை மணிக்குப் பேச ஆரம்பித்தார், எத்தனை மணிக்கு முடித்தார், எந்தப் பாட்டு முழுதாக வரவில்லை, இதை மட்டும் எழுதுங்கள். எங்கள் தொழிலில் நிகழ்ச்சி நிரல் நிமிடக் கணக்கில்தான் போடுவார்கள், "உரையாடல், 3 நிமிடம்" என்று தனி வரியே இருக்கும். பாடகர் காதில் ஒரு கருவி மாட்டியிருக்கிறாரே, அதில் இசை மட்டும் வருவதில்லை, இசைக்குழுத் தலைவர் தனி மைக்கில் பேசினால் அதுவும் அவர் காதில் விழும். பார்வையாளர்களுக்குக் கேட்காது. "அண்ணே போதும், பாட்டுக்குப் போகலாம்" என்று சொல்ல அந்த மைக்கில் ஓர் ஆள் இருந்தாலே பாதிப் பிரச்சினை முடிந்தது. நல்ல குழுக்களில் அந்த ஆள் இருப்பார். சில பாடகர்கள் அந்த நேரத்தில் கருவியைக் காதிலிருந்து கழற்றித் தோளில் தொங்கவிட்டுக்கொள்வார்கள், அப்போது ஒன்றும் செய்ய முடியாது, நாலு சுரம்தான்.

---

பீஷான்வாசி எழுதியது:

அட, கழற்றித்தான் விட்டிருந்தார், இப்போது நீங்கள் சொன்னதும்தான் மனைவி எடுத்த காணொளியைப் போட்டுப் பார்த்தேன். வலது காதிலிருந்து தொங்குகிறது.

மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், நீங்கள் சொன்ன மாதிரி நேரமும் பாட்டுப் பெயர்களும் மட்டும். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.